திட்டுவோம், ஆனா வருவோம்

அத்தான் தன் படத்தைத் தானே ஏறி ஒட்டிக்கொண்டார் என்ற செய்தி எனக்குப் பெரியம்மா வழியாகத்தான் வந்தது. பெரியம்மாவுக்கு அவளுடைய தையல்காரி சொன்னாளாம். தையல்காரிக்கு யார் சொன்னது என்று கேட்டால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும்.

"ஸ்டேடியம் வாசல்ல, ரெண்டு மாடி உயரத்துக்கு உங்க அத்தான் படம்டா. அவரே ஏறி, அவரே பசை தடவி, அவரே ஒட்டினாராம். முதலாளி வீடு குடுத்திருக்கானாம்."

"வீடா?"

"வீடோ காரோ, எனக்கென்ன தெரியும்? அக்காகிட்ட கேட்காதே, அவ அழுவா."

நான் வேறு நாட்டில் வேலை பார்ப்பவன். தூரத்தில் இருப்பவனிடம் வந்து சேரும் கெட்ட செய்திக்கு உடனே கை கால் முளைத்துவிடும். போனை வைத்த கையோடு, அத்தானுக்கு வேலை போய்விட்டது, அக்கா மருத்துவமனையில் கிடக்கிறாள் என்று நானே கதையை முடித்துவிட்டேன். ஏற்கனவே போட்டிருந்த பத்து நாள் விடுப்பு அந்த வாரம்தான் தொடங்கியது. விமானத்தில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று மட்டும் தெளிவானது. பெரியம்மா சொன்னதில் வீடு பொய்யாக இருக்கலாம். ஏறி ஒட்டியது பொய்யாக இருக்காது. அத்தானின் தொழிலே அதுதான்.

சாலையோரங்களிலும் கட்டடங்களின் பக்கச் சுவர்களிலும் நிற்கும் பெரிய விளம்பரப் பலகைகளில் தாள் ஒட்டுகிறவர் அவர். படம் அச்சகத்திலிருந்து முழுசாக வராது. நீளநீளத் தாள்களாக வரும். ஒவ்வொன்றும் பலகையின் முழு உயரம், ஒரு கதவின் அகலம். ஈரம் காயாமல் மடித்து, முதுகில் எண் போட்டிருப்பார்கள். இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு தாளின் ஓரம் அடுத்த தாளின் ஓரத்தோடு மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். ஏணி வண்டியின் கூடையில் நின்றுகொண்டு, மூக்குக்கும் தாளுக்கும் ஒரு முழம் இடைவெளியில் வேலை செய்கிறவருக்குப் படம் தெரியாது. புள்ளிகள்தான் தெரியும். எலுமிச்சை அளவுக்குச் சிவப்புப் புள்ளி, கறுப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி.

"ஊருக்கே படம் காட்டுறது நான். எனக்குப் பார்க்கணும்னா மட்டும் கீழ இறங்கி ரோட்டைத் தாண்டணும்" என்பார் அத்தான்.

இருபது வயதில் வேலைக்காக அந்த நகரத்துக்கு வந்தவர். ஒரே அறையில் ஆறு பேர், ஆறு பேருக்கும் வேறு வேறு வேலை நேரம். பேச ஆளில்லாமல் பலகைகளோடு பேசிக்கொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை மதியம் கால்பந்து ஸ்டேடியத்துக்கு எதிரே ஒரு சோப்பு விளம்பரத்தில் நின்றுகொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பதினைந்தாயிரம் பேர் ஒரே மூச்சில் "ச்சே!" என்றார்கள். கோல் விழுந்த சத்தம் இல்லை அது. தவறிப்போன சத்தம்.

"அந்தச் ச்சே என்னோட ச்சே மாதிரியே இருந்துச்சு மச்சான்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பசை வாளியை மூடி வைத்துவிட்டு உள்ளே போனவர்தான். இருபத்தேழு வருடம் ஆகிறது. கிழக்குக் கேலரி, பதினான்காம் வரிசை. அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு: இன்று ஜெயிப்போம் என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னவர் வரிசைக்கே தேநீர் வாங்கித் தர வேண்டும். இருபத்தேழு வருடத்தில் அத்தான் ஒருமுறைகூட வாங்கித் தந்ததில்லை.

கல்யாணம் ஒரு சனிக்கிழமை காலை. மாலையில் மேட்ச். அக்கா கல்யாண உடுப்போடு பதினான்காம் வரிசையில் உட்கார்ந்து, டீம் இரண்டு கோலில் தோற்றதைப் பார்த்தாள். "அன்னிக்கே புரிஞ்சிருக்கணும் எனக்கு" என்பாள். ஆனால் அந்த வரிசை ஆட்கள்தான் பிற்பாடு அவளுக்குப் பிரசவமானபோது மாற்றி மாற்றி மருத்துவமனையில் நின்றவர்கள். அத்தானுக்கு அந்த நகரத்தில் சொந்தம் என்றால் அவர்கள்தான். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ரசிகர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர், அதனால் எல்லோருக்கும் அவர் 'செக்ரட்டரி'. பக்கத்து இருக்கை ஒரு பஸ் கண்டக்டர். மேட்ச் முழுக்க வாய் ஓயாமல் வர்ணனை செய்வதால் 'ரேடியோ'. அதற்கு அடுத்தது ஒரு மருத்துவமனை கேன்டீனில் சமைப்பவர், 'கேன்டீன்'.

ஆறு வருடத்துக்கு முன்னால் மெத்தைக் கம்பெனி முதலாளி ஒருவர் கிளப்பை வாங்கினார். அவருக்கும் பெயர் கிடைத்தது: மெத்தை. அவர் செய்ததையெல்லாம் எழுத உட்கார்ந்தால் எனக்கே வாய் கசக்கிறது. ஒரே பருவத்தில் நான்கு பயிற்சியாளர்கள். மூன்றாமவருக்குத் தன் வேலை போனதே கார் நிறுத்தும் இடத்தில்தான் தெரியும். அட்டையைக் காட்டினார், கேட் திறக்கவில்லை. கோல் காப்பவனை முக்கியமான மேட்சுக்கு இரண்டு நாள் முன்பு விற்றுவிட்டு, கைவிரலில் கட்டுப் போட்டிருந்த ஒருவனை நிறுத்தினார்கள். கிழக்குக் கேலரியின் கழிவறையில் ஆறு வருடமாகக் கணுக்கால் அளவு தண்ணீர். தண்ணீர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதே ஆறு வருடத்தில் எதிர்ப்பக்கம் பணக்காரர்களுக்கென்று கண்ணாடி அறைகள் வந்தன. அங்கே வந்து உட்காருகிறவர்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டார்கள். அத்தான் கேலரியிலிருந்து அந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். "சீ, மெல்லுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்பார்.

"படுக்கறதுக்குன்னுதானே வாங்கினான். அதான் டீம் படுத்தே கிடக்கு" என்பது ரேடியோவின் வர்ணனை.

கடைசியாக நிறத்தில் கை வைத்தார்கள். எண்பது வருடமாக அடர் சிவப்புச் சட்டை. இந்தப் பருவத்தில் அது வெளிர் நீலமாகியது. மெத்தை உறையின் நீலம். அன்று மாலையே ரசிகர் சங்கம் கூடியது. அத்தான் எழுந்து நின்று தீர்மானத்தைப் படித்தார்: நீலச் சட்டையின் முதல் மேட்சுக்குக் கிழக்குக் கேலரி காலியாக இருக்க வேண்டும். ஒரு ஆள்கூட, ஒரு குழந்தைகூட உள்ளே போகக் கூடாது. போகிறவனோடு இனி யாருக்கும் பேச்சு இல்லை. எல்லோரும் கை தூக்கினார்கள். கூட்டத்தில் ஒரு கிழவர் அழுதாராம்.

அந்தச் சனிக்கிழமை அத்தான் வீட்டில் இருந்தார். மூன்று மணிக்குச் சட்டையை மாட்டினார்.

"எங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எவனாவது தீர்மானத்தை மீறி உள்ள போறானான்னு பார்க்கணும்ல. செயலாளர்னு ஒரு பொறுப்பு இருக்கு."

வெளியே நின்று பார்த்தார். வெளியிலிருந்து கேலரி தெரியவில்லை. சரி, வாசலுக்கு உள்ளே ஒரு நிமிடம். படியில் பாதி தூரம். அப்புறம் மேலே. மேலே போய்ப் பார்த்தால் பதினான்காம் வரிசையில் ரேடியோ, கேன்டீன், இன்னும் ஒன்பது பேர். கேலரியே முக்கால்வாசி நிறைந்திருந்தது. அத்தனை பேரும் யார் மீறுகிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் நின்றார்களாம். பிறகு ரேடியோதான் சொன்னார்: "நாம யாரும் யாரையும் பார்க்கல. சரியா?" சரி என்றார்கள். தொண்ணூற்று இரண்டாவது நிமிடத்தில் டீம் ஒரு கோல் போட்டது. அதிலும் எதிரணி வீரனின் முழங்காலில் பட்டுத் திரும்பிப் போன பந்து. அத்தான் கத்தினார். கண்ணில் நீர் வழியக் கத்தினார். மைதான ஓரத்தில் ஒரு கேமராக்காரன் கேலரியைப் பார்த்துத் திரும்பியிருந்தான்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை விடியும் நேரத்தில், அவருக்கு ஸ்டேடியத்து வாசல் பலகையில் வேலை வந்தது. எட்டுத் தாள். பொதுவாக உள்ளங்கை அளவு மாதிரிப் படம் ஒன்று கூடவே வரும். அன்று வரவில்லை. புது விளம்பரம், ரகசியம், ஏழு மணிக்குள் முடியுங்கள் என்று மட்டும் சொன்னார் சூப்பர்வைசர். கிளப்புக்காக ஒட்டுவதில் அத்தானுக்கு அருவருப்புதான். ஆனால் பலகை கம்பெனியுடையது, வேலை தன்னுடையது. முதல் இரண்டு தாளில் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் அவர் உயரம். மூன்றாவதில் ஒரு காது. நான்காவதில் ஏதோ ஈரமாகப் பளபளத்தது. ஐந்தாவதில் தாடை. "யாரோ ஒரு கிறுக்கன் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறான்னு நெனச்சேன் மச்சான்." ஆறு, ஏழு, எட்டில் பின்னால் நிற்கும் கூட்டம். ஏழாவதில் ஒரு தொப்பி தெரிந்தது. எட்டாவது தாளின் ஓரத்தைப் பிரஷ்ஷால் நீவி, ஒரு குமிழி இல்லாமல் அழுத்தி, இறங்கி, வழக்கம்போலச் சாலையைத் தாண்டினார்.

திரும்பிப் பார்த்தார்.

'திட்டுவோம். ஆனா வருவோம்.' பக்கத்தில், இரண்டு மாடி உயரத்துக்கு, அவர்.

ஏணி வண்டியின் டிரைவர் கீழே நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "நாலாவது தாள்லயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு அண்ணே. நீங்க தெரிஞ்சுதான் ஒட்டுறீங்கன்னு நெனச்சேன்."

அத்தான் சாக்கடை ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

நான் போய்ச் சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. வீட்டில் யாரும் மருத்துவமனையில் இல்லை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வீட்ல ஒரு முகம் இருக்கறதே போதும்டா தம்பி. ரோட்ல வேற ரெண்டு மாடிக்கு எதுக்கு?" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. வெளியூரில் படிக்கும் மகள் அந்தப் படத்தை எங்கிருந்தோ பிடித்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள்: 'அப்பா, சூப்பரா இருக்கீங்க.' அத்தான் அதற்குப் பதில் போடவில்லை.

"என்னைப் பார்த்தா எனக்கே குமட்டுது மச்சான்" என்றார். "ஆறு வருஷமா வாய் வலிக்கத் திட்டிட்டு, எவன் முழங்கால்லயோ பட்ட பந்துக்கு இப்படி வாயைப் பிளந்திருக்கேன் பாரு. அவன் பொய் ஒண்ணும் எழுதலயே. அதுதான் எரியுது."

அன்று மதியமே கிளப் அலுவலகத்துக்குப் போனோம். வரவேற்பறையில் நாற்காலிக்குப் பதிலாக மெத்தை போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் முழங்கால் மூக்கைத் தொட்டது. நாற்பது நிமிடம் அப்படியே இருந்தோம். ரசிகர் அனுபவப் பொறுப்பாளர் என்று ஒரு பெண் வந்தார். அத்தானைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"சார்! நீங்கதானா அது! எங்க முகமே நீங்கதான் சார்!"

"அந்தப் போர்டை எடுக்கணும் மேடம்."

"ஏன் சார்? எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. முதலாளி நேத்து மூணு தடவை கார்ல வந்து பார்த்துட்டுப் போனார்."

"என்னைக் கேக்கல."

அவர் ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். எறும்பு வரிசைபோல எழுத்து. உள்ளே நுழைந்தாலே படம் எடுக்கச் சம்மதம் என்று அதில் இருந்தது.

"அன்னிக்கு நான் மேட்ச் பார்க்க வரல. யாரு வர்றாங்கன்னு பார்க்க வந்தேன்."

"அதுதான் சார் அழகு!" என்றார் அந்தப் பெண். மனதாரத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. கண்ணாடி அறையில் இரண்டு இருக்கை தருவதாகச் சொன்னார். அத்தான் காலணியில் ஒட்டியிருந்த காய்ந்த பசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மேடம், எனக்கு இந்த ஊர்ல ஒரு வரிசை ஆளுங்கதான் இருக்காங்க. சனிக்கிழமை மேட்சுக்கு முன்னாடி அது இறங்கலன்னா அவங்களும் இல்ல. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அந்தப் பெண் ஏதோ எழுதிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள கட்டாயம் நானே கூப்பிடுறேன் சார்."

வெளியே வந்ததும், "நல்ல பொண்ணுதான், கூப்பிடும்" என்றார் அத்தான். ஆறு வருடமாக அந்த வாசலிலிருந்து வந்த ஒரு வார்த்தைகூட நடந்ததில்லை என்று அவரே நூறு முறை சொன்னவர். ஆனாலும் நம்பினார். அப்படி நம்பித்தான் அவருக்குப் பழக்கம்.

புதன்கிழமை ஸ்டேடியத்துப் பின்தெருத் தேநீர்க்கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். ரேடியோவும் கேன்டீனும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். நாங்கள் உள்ளே போனதும் பேச்சு நின்றது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை முதல் நாளே நீக்கியிருந்தார்கள். குழுவைத் தொடங்கியதே அவர்தான்.

"வாங்க, சினிமா ஸ்டார்" என்றார் ரேடியோ. "எங்ககூடல்லாம் டீ குடிப்பீங்களா? கண்ணாடி ரூம்ல தருவாங்களே."

"டேய், ஒட்டும்போது எனக்குத் தெரியாதுடா. தொழில் அப்படி. உனக்கும் தெரியும்."

"சொந்த மூஞ்சியைத் தெரியாம ஒட்டினாராம்! பஸ்ல நான் என்ன, சொந்தப் பொண்டாட்டிக்கே யாருன்னு தெரியாம டிக்கெட் கிழிக்கறேனா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தான் சிரிப்பு ஓயும் வரை நின்றார்.

"சரி, அதை விடு. அன்னிக்கு நீயும்தானே வந்திருந்தே? என் பக்கத்துல நின்னியே?"

"நானா?" ரேடியோ கடையைச் சுற்றிப் பார்த்தார். "நான் வந்தேன்னு யாரு சொன்னது? தீர்மானம்னா தீர்மானம்தான். அன்னிக்கு நான் வீட்ல டிவிகூடப் போடல. கேன்டீன், நீ போனியா?"

கேன்டீன் கண்ணாடி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "எனக்கு டூட்டி" என்றார்.

"படம் இருக்கா? இருந்தா காட்டு" என்றார் ரேடியோ. "உன் படம்தான் இருக்கு ஊர் முழுக்க. சனிக்கிழமை மூணு மணிக்கு, ஆறாம் கேட் வாசல்ல கூட்டம். வேற செயலாளர் போடறோம். நீ அந்தப் பக்கம் வர வேண்டாம். வரிசைக்கும் வர வேண்டாம்."

அத்தான் தேநீரைத் தொடாமல் எழுந்தார். தெருவில் கொஞ்ச தூரம் நடந்தபின், "ஏழாவது தாள்ல ஒரு தொப்பி ஒட்டினேன் மச்சான்" என்றார். "பச்சைத் தொப்பி, முன்னாடி கிழிஞ்சது. அந்தத் தொப்பியை ரேடியோ தலையைத் தவிர வேற எங்கயும் நான் பார்த்ததில்ல."

பலகைக்கு எதிர்ச்சாலையில் நின்று பார்த்தோம். முன்னால் அத்தானின் முகம் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு ஈரமாக இருந்ததால், பின்னால் மங்கலாக நிற்பவர்களை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்கத் தெரிந்தவருக்கு ஆறாவதிலும் ஏழாவதிலும் ரேடியோ, பாதித் தலையும் தொப்பியும் பிளந்த வாயுமாக இருந்தார். எட்டாவதில் கேன்டீன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அவங்ககிட்ட இதைக் காட்டிட வேண்டியதுதானே அத்தான்?"

"காட்டி? நீயும் நாறிட்டே, நானும் நாறிட்டேன், வா சேர்ந்து நாறலாம்னு சொல்லவா?"

வெள்ளிக்கிழமை அவர் போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பசைக் கை பட்டாலும் எடுக்க வேண்டுமே. பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். கிளப்பின் பழைய பாட்டு ஓடியது, நடுநடுவே ஒரு குரல் மெத்தையின் மென்மையைப் பற்றிப் பேசியது. இருபத்தைந்து நிமிடம் அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். துண்டித்தார்கள். மாலை ஆறு மணி வரை ஏழு தடவை அதே பாட்டு.

"இருபத்தேழு வருஷமாப் பாடின பாட்டு. இப்ப கேட்டா பல்லு கூசுது" என்றார் சாப்பிட உட்கார்ந்தபோது. சாப்பிடவில்லை.

சனிக்கிழமை அந்தச் சாலையில் பஸ் நிறுத்தத்துப் பலகையில் ஒரு பற்பசை விளம்பரம் மாற்ற வேண்டியிருந்தது. அதனால் ஏணி வண்டி கையில் இருந்தது. பற்பசை ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. புதுத் தாள் ஒட்டுவதற்கு முன்னால் பழைய படம் தெரியாமல் இருக்க வெறும் வெள்ளைத் தாள் ஒட்டுவார்கள். அதில் ஒரு கட்டு எப்போதும் வண்டியில் கிடக்கும். டிரைவரிடம் ஸ்டேடியம் வாசலுக்கு விடச் சொன்னார்.

"அண்ணே, உத்தரவு இல்லாம தொட்டா சூப்பர்வைசர் தோலை உரிச்சிருவாரு. வேலையே போயிரும்."

"நீ வண்டியைத்தான் ஓட்டினே. தொட்டது நான். அப்படியே சொல்லு."

நான் அவர் கையைப் பிடித்தேன். வேலை, வயது, மகளின் படிப்பு என்று என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பிளாஸ்டிக் பையோடு போனை என்னிடம் தந்தார்.

"கிளப்புல இருந்து வந்தா மட்டும் சொல்லு."

"வராது அத்தான்."

"வராதுன்னுதான் நானும் நெனைக்கிறேன்" என்று கூடையில் ஏறினார்.

பலகைக்கு நேர் கீழே, ஆறாம் கேட் வாசலில் அப்போதே ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். பாதிப் பேர் பழைய சிவப்புச் சட்டை. வெறுப்பாக இருந்தது எனக்கு: அத்தனை பேர் கையிலும் டிக்கெட். கூட்டம் முடிந்ததும் உள்ளே போவார்கள்.

அத்தான் முதல் தாளை ஒட்டினார். 'திட்டுவோம்' பாதியாகியது. இரண்டாவது தாளில் எழுத்தெல்லாம் போனது. அவர் அவசரப்படவில்லை. மேலிருந்து கீழே, நடுவிலிருந்து ஓரத்துக்கு, அதே வேலை, அதே சுத்தம். மூன்றாவதில் காது. நான்காவதில் கண்ணீர். கீழே நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஐந்தாவது தாள் அந்தப் பிளந்த வாயின் மேல் இறங்கியபோது யாரோ கை தட்டினார்கள். இன்னும் சிலர் தட்டினார்கள்.

பிரஷ்ஷைக் கூடையின் ஓரத்தில் வைத்துவிட்டு அத்தான் கைகளைத் துடைத்தார். ஆறாவதைத் தொடவில்லை.

பலகையில் இப்போது ஐந்து கதவு அகலத்துக்கு வெறும் வெள்ளை. மிச்சம் மூன்று தாள். பார்க்க வேறெதுவும் இல்லாததால் எல்லாக் கண்ணும் அங்கே போனது.

"ஏய், அது ரேடியோ இல்ல?"

"தொப்பியைப் பாரு, தொப்பியைப் பாரு!"

"பக்கத்துல கேன்டீன்டா! டூட்டின்னானே!"

ரேடியோ தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றிப் பின்னால் மறைத்தார். அது இன்னும் கேவலமாக இருந்தது. "என்னை மாதிரி இன்னொருத்தன்" என்றார். கூட்டத்தில் பலர் மெல்லப் பலகையின் மூலைமுடுக்கெல்லாம் பார்க்கத் தொடங்கினார்கள். தங்களைத் தேடினார்கள்.

ரேடியோ வண்டிக்கு அடியில் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது. "செக்ரட்டரி... மச்சான்... இன்னும் மூணே மூணுதானே. அதையும் மூடிடு."

"தாள் தீர்ந்து போச்சு" என்றார் அத்தான்.

கூடையின் கம்பிகளுக்குள் மூன்று தாள் மடித்து இருப்பது கீழே நின்ற எனக்கே தெரிந்தது. ரேடியோவுக்கும் தெரிந்திருக்கும்.

"டேய், எல்லாரும் பார்க்கறாங்கடா."

"பார்க்கட்டும். நீ அன்னிக்கு வந்தியா, இல்லயா? சத்தமாச் சொல்லு."

கேன்டீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தரையில் துப்பினார். "வந்தேன்" என்றார். பிறகு, ஏதோ தொண்டையில் சிக்கியதைக் கக்குவதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி: "நானும் வந்தேன்! முதல் நிமிஷத்துலயே வந்தேன்! அந்தக் கோலுக்கு ஆடினேன்! த்தூ!"

அத்தான் டிரைவருக்குக் கையைக் காட்டினார். கூடை வலது பக்கம் கடைசிக்கு நகர்ந்தது. ஒரு தாளை விரித்தார், பசை தடவினார், எட்டாவதை மூடினார். தூக்கிய கைகள் வெள்ளைக்குள் போயின. கூடை திரும்பி ரேடியோவின் பிளந்த வாய்க்கு நேராக வந்து நின்றது. அத்தான் ஆறாவதுக்கான வெள்ளைத் தாளைக் கையில் எடுத்து, விரிக்காமல் வைத்துக்கொண்டு, கீழே பார்த்தார்.

என் கையில் போன் அதிர்ந்தது. பிளாஸ்டிக் பைக்குள் கிளப்பின் எண்.

"அத்தான்! கிளப்!"

அவருக்குக் கேட்டது. தலை என் பக்கம் பாதி திரும்பியது. எதிர்ச்சாலையில் மெத்தை உறையின் நீலத்தில் ஒரு பெரிய கார் நின்று கண்ணாடி இறங்குவதை நான் பார்த்தேன். சூப்பர்வைசரின் மோட்டார் சைக்கிளும் வளைவில் தெரிந்தது. மணி இரண்டு ஐம்பது. நேற்றுப் பன்னிரண்டுக்கு வர வேண்டிய அழைப்பு.

"எடுக்கவா அத்தான்?"

அவர் தலை மறுபடி கீழே திரும்பியது. ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ தொப்பியைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். இருபத்தேழு வருடமாக ஒரு நிமிடம்கூட மூடாத வாய், இறுகிக் கிடந்தது. அத்தானின் விரல்களிலிருந்து பசை சொட்டுச் சொட்டாக விழுந்தது. போன் நின்றது. மறுபடி அடிக்கத் தொடங்கியது.